புல்மலைக் காம்பரா

மச்சானுடைய லயத்து வீடுகள் மறைகிற வளைவைத் தாண்டிய பிறகுதான் கூடைக்குள் இருந்த என் மகள் வாயைத் திறந்தாள். "கீழ" என்றாள். இறக்கிவிடச் சொல்கிறாளா, கீழே லயம் தெரிகிறது என்கிறாளா என்று விளங்கவில்லை. நான் நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவேன் போலிருந்தது.

கூடை அவள் அம்மாவுடையது. அவள் கொழுந்து எடுத்த கூடை. அடியில் சாக்கை மடித்துப் போட்டுப் பிள்ளையை அதன்மேல் உட்கார வைத்து, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தேன். ஆண்கள் அந்தக் கூடையைச் சுமப்பதில்லை. தோட்டத்தின் கடைசி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நான் நல்ல வேடிக்கையாகப் போய்விட்டேன்.

"என்னண்ணே, கொழுந்து நிறுக்குற மடுவம் அந்தப் பக்கமுல்ல இருக்கு" என்றாள் ஒருத்தி.

"அங்க கொண்டு போனாலும் எடுக்க மாட்டாங்கடி. முத்தின எல" என்றாள் இன்னொருத்தி.

சத்தம் கேட்டுக் கூடைக்குள்ளிருந்து தலை எட்டிப் பார்த்தது. அவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி, பிள்ளையின் அம்மா எங்கே என்று கேட்டாள். நான் மேலே ஏறினேன். என் மனைவி போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். லயத்து வரிசையில் அவருக்கு இருந்தது ஒரே அறை, ஒரு காம்பரா; அங்கே எங்களை யாரும் விரட்டவில்லை. அவரும் அவர் மனைவியும் என் பிள்ளையைத் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்துத்தான் பார்த்தார்கள். விடிகிற நேரத்தில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்துக் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை எழுப்பி, முகத்தைத் துடைத்து, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். சாயங்காலம் வந்து தூக்கிக்கொள்வார்கள். என் மகள் அதற்குப் பழகிவிட்டாள். எனக்குத்தான் ஓரிடத்தில் கால் தரிக்காது. தோட்டத்து ஆட்களான எங்களுக்குக் குடியுரிமையும் ஓட்டும் இல்லாமல் போய்ச் சில வருடம் ஆகியிருந்த காலம் அது. எந்த நாட்டு ஆள் என்றே தெரியாதவனுக்கு எந்தத் தோட்டமாக இருந்தால் என்ன என்று நான் கேட்பேன். தோட்டப் பள்ளிக்கூடத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த மட்டில் விட்டவன். கினிகத்தேனையில் தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் கழுவினேன். லொறியில் கிளீனராகப் போனேன். மரம் அறுக்கிறவர்களோடு காட்டில் கிடந்தேன். டயகமப் பக்கம் ரோட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும் மழைக்குக் கட்டுகிற படங்குத் துண்டைச் சுருட்டிவிட்டேன்.

பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்றார் மச்சான். மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. அவள் அவரையும் அப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

அவர் சத்தம் போடவில்லை. காம்பரா வாசலில் நின்று சொன்னார்: "நீ நடக்குற ஆளு. நட. புள்ளைக்குக் கால் மொளைக்கட்டும், அப்புறம் வந்து கூட்டிட்டுப் போ. இப்பக் கூட்டிட்டுப் போனா வழியில சாகக் குடுத்துட்டுத்தான் நிப்ப."

அதைக் கேட்டுக்கொண்டுதான் நடந்தேன். தேயிலை முடிந்து புல்மலை ஆரம்பித்தது. மரம் அறுத்த காலத்தில் அந்தக் குறுக்குப் பாதையில் போயிருக்கிறேன். மேட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஒரு தோட்டம். வெளிச்சம் இருக்கும்போதே அங்கே இறங்கி, யாராவது ஒருவர் வாசலில் படுத்துவிட்டு மறுநாள் டயகமவுக்குப் போவது என்று கணக்கு. தனி ஆளாக இருந்தால் அது சரியான கணக்கு. பிள்ளைக்கு ஒன்றுக்கு வரும், தண்ணீர் கேட்கும், கூடைக்குள் கால் மரத்து அழும், இறக்கிவிட்டால் ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மேட்டுக்கு ஏறும்போதே வெயில் செத்துவிட்டது. ஏறியதும் பனிமூட்டம் வந்தது.

மலைநாட்டு மூட்டம் மெல்ல வராது. ஒரு பக்கம் மரம் தெரியும், திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தால் மரம் இருக்காது. பாதை புல்லுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் இறங்கினேன். இறக்கம் திடீரென்று செங்குத்தானது. காலடியில் கல் பெயர்ந்து விழுந்தது. விழுந்த சத்தம் வெகு நேரம் கழித்துத்தான் கேட்டது. அப்போதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது. முதுகில் ஒரு உயிர் இருக்கிறது என்று உடம்பு முழுவதும் தெரிந்தது. கைகளை ஊன்றிப் பின்பக்கமாகவே ஏறினேன். மூட்டத்தில் நடக்கிறவன்தான் விழுவான், உட்கார்ந்திருக்கிறவன் விழமாட்டான். மரம் அறுக்கிறவர்கள் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது.

மூன்று நான்கு டர்பன்டைன் மரங்கள் நின்ற இடத்தில் கூடையை இறக்கினேன். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டிப் படங்கைத் தொங்கவிட்டு, ஓரங்களில் கல் வைத்தேன். கவ்வாத்துக் கத்தியால் மானாப்புல்லை அறுத்துப் பரப்பினேன். டர்பன்டைன் பட்டை ஈரமாக இருந்தாலும் ஊதிக்கொண்டே இருந்தால் பிடிக்கும். பிடித்தது. இதையெல்லாம் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். வானத்துக்குக் கீழே படுப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அவள் கால்விரல் நடுவில் அட்டை ஒன்று கடித்துத் தடித்துக் கிடந்தது. சுண்ணாம்பு வைத்து உதிர்த்தேன். இரத்தம் நிற்கவில்லை. அதற்கு அவள் அழவில்லை. ரொட்டியைச் சாயத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுத்தேன், தின்றாள். இருட்டத் தொடங்கியதும்தான் அழுதாள்.

"காம்பராவுக்குப் போவோம்."

நாளைக்குப் போவோம் என்றேன். அவளுக்கு நாளை என்றால் என்ன என்று தெரியாது. காம்பரா, காம்பரா என்று ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அழுகைக்கு நடுவே இருமல் வந்தது. நெஞ்சுக்குள் கரகரவென்றது. அவள் அம்மாவுக்கு முதலில் வந்ததும் அந்த இருமல்தான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படங்குக்கு முன்னால் நின்றேன்.

"இதுதான் நம்ம காம்பரா" என்றேன்.

அழுகையை நிறுத்திப் பார்த்தாள்.

"இங்க பாரு, இது வாசல். இது அடுப்பு. இது நாம படுக்குற எடம்."

அவள் படங்கைக் கையால் தட்டிப் பார்த்தாள். பிறகு காதை வைத்துக் கேட்டாள். அவள் என்ன தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமவேண்டும், சட்டி உருளவேண்டும், சண்டை போடவேண்டும். இங்கே அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

"இது தொங்கக் காம்பராம்மா. கடைசிக் காம்பரா. அந்தப் பக்கம் ஆளு இருக்க மாட்டாங்க" என்றேன்.

அது அவளுக்குச் சரியாக இருந்தது. உள்ளே போய்ப் புல்லின்மேல் உட்கார்ந்து, வாசல் என்று நான் காட்டிய பக்கம் காலை நீட்டினாள். கறுப்புக் கம்பளியைப் போர்த்திவிட்டேன். நான் சொன்ன பொய்யைப் பிள்ளை நம்பியதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

அந்த நிம்மதி அதிக நேரம் இருக்கவில்லை. எங்கோ யாரோ வாள் போட்டு மரம் அறுப்பது கேட்டது. ஆள் இருக்கிறார்கள் என்று எழுந்து கூப்பிடப் போனேன். வாயைத் திறந்த பிறகுதான் இந்த இருட்டில், இந்த மூட்டத்தில் எவன் மரம் அறுப்பான் என்று உறைத்தது. நான் அறுத்தவன், எனக்குத் தெரியவேண்டும். அந்தச் சத்தம் இழுத்து இழுத்து வந்து நின்றுபோனது. சிறுத்தை உறுமினால் அப்படித்தான் கேட்கும். எங்கள் ஆட்கள் அதைப் புலி என்றுதான் சொல்வார்கள். லயத்து நாய்களைத் தூக்கிக்கொண்டு போகும், ஆளைத் தொடாது என்பார்கள். எவ்வளவு உயரம் இருந்தால் ஆள் என்று யாரும் சொன்னதில்லை.

கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, பட்டையைப் பட்டையாக நெருப்பில் போட்டேன். அந்தச் சத்தம் இன்னொரு தடவை கேட்டது, வேறு பக்கத்திலிருந்து. பிறகு கேட்கவேயில்லை. கேட்காததுதான் மோசம். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது.

நடுவில் அவள் இருமலும் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். கையைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. மூக்கருகே விரலை வைத்தேன். என் விரல் விறைத்துப் போயிருந்ததால் மூச்சு வருகிறதா இல்லையா என்று தெரியவில்லை. உதட்டை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, அவளை நெஞ்சோடு சேர்த்து, மேலே கோட்டை மூடி, அதற்கு மேல் கம்பளியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டேன். மச்சான் சொன்னது நெருப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்வதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குச் சாமி பழக்கம் அவ்வளவாக இல்லை. அன்றைக்கு அந்த மலையில் யார் இருந்தாலும் கேட்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன்: விடியும் வரை இவளை விட்டு வை, விடிந்ததும் திரும்பிப் போய் மச்சான் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டாலும் பரவாயில்லை.

மூட்டம் சாம்பல் நிறமாகும் வரை விழித்திருந்தேன். மரத்தின் அடி தெரிய ஆரம்பித்ததும், தப்பித்தோம் என்று நினைத்தேன். அவள் நெஞ்சும் சூடாகியிருந்தது. புல்லில் படுக்க வைத்துக் கம்பளியை இருவருக்கும் இழுத்துவிட்டு நானும் சாய்ந்தேன்.

என்னை எழுப்பியது குளிர். கம்பளி இல்லை. கம்பளியோடு அவளும் இல்லை.

கூடைக்குள் பார்த்தேன். அவ்வளவு பெரிய மலையில் முதலில் கூடைக்குள்தான் பார்த்தேன். பிறகு மரத்துக்குப் பின்னால், கல்லுக்குப் பின்னால். கூப்பிட்டேன். மூட்டம் சத்தத்தை வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டது. நேற்றுக் கல் விழுந்த பக்கம் ஓடினேன். விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தேன். வெள்ளையாக இருந்தது, வேறொன்றுமில்லை.

திரும்பி வரும்போதுதான் புல்லைப் பார்த்தேன். புல் முழுவதும் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது. எங்கள் வாசலில் தொடங்கி ஒரு கோடு மட்டும் பச்சையாகக் கீழே இறங்கிப் போனது. சின்னக் கால் வைத்து நடந்தால் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கவேண்டும். இது ஒரு முழ அகலத்தில் புல் சாய்ந்து, பனி துடைத்து, எதையோ இழுத்துக்கொண்டு போன தடம். லயத்து நாயைத் தூக்கிய மறுநாள் நான் அந்த மாதிரித் தடத்தைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எப்படி இறங்கினேன் என்று ஒழுங்காகச் சொல்ல முடியாது. கத்தி கையில் இருந்தது. வழியில் ஒரு முள்செடியில் கறுப்பு நூல் சிக்கியிருந்தது, கம்பளி நூல். அதைப் பிய்த்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியாது. இரத்தம் இருக்கிறதா என்று ஒவ்வொரு அடியிலும் பார்த்தேன். ஒரு இடத்தில் இருந்தது, ஒரே ஒரு சொட்டு. நேற்று அட்டை கடித்த கால் என்று நினைக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

சட்டென்று புல் முடிந்து ஒரு கான் குறுக்கே வந்தது. தண்ணீர் ஓட வெட்டிய கான். அதைத் தாண்டினால் தேயிலை. நாங்கள் இராத்திரி முழுக்க ஒரு தோட்டத்தின் தலைக்கு மேலேயே படுத்திருக்கிறோம். கானில் இறங்கி ஏறிய இடத்தில் மண் சரிந்திருந்தது. மண்ணில் ஐந்து விரல் பதிந்திருந்தது. கைவிரல். தவழ்ந்து ஏறியிருக்கிறாள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தேயிலைக்குக் கீழே தகரக் கூரை ஒன்று தெரிந்தது. அதற்குள்ளிருந்து பிள்ளைகள் அழுகிற சத்தம் வந்தது. தோட்டத்தில் அந்தச் சத்தம் எங்கிருந்து வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைக்காம்பரா வாசலில் போய் நின்றேன். உள்ளே கைப்பிள்ளைகள் கிடந்த ஏணைகள் தொங்கின. சுவரோரமாகப் போட்ட பலகையில் நடக்கிற வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் என் மகள். கம்பளி அவள் கழுத்திலிருந்து தரை வரை கிடந்தது. அதன் நுனி முழுவதும் சேறும் புல்லும். இரண்டு கையாலும் தகரக் கோப்பையைப் பிடித்து மாப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கோப்பையை இறக்கவில்லை.

பிள்ளை பார்க்கிற அம்மா என் கையிலிருந்த கத்தியைப் பார்த்துவிட்டு, அதை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னாள். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று பிள்ளைகள்.

"ஒம் புள்ளையா?"

தலையாட்டினேன்.

"நல்ல ஆளுய்யா நீ. பெரட்டுத் தப்பு அடிச்சு ஓயல, மேல காட்டுப் பக்கமிருந்து எறங்கி வருது, கறுப்பா எதையோ இழுத்துக்கிட்டு. மூட்டத்துக்குள்ள. மேல ஒரு லயமும் கெடையாது. நான் என்னன்னு நெனைப்பேன்? கிட்டப் போகல. கதவடைப்போமான்னு பாத்தேன். அது பாட்டுக்கு உள்ள வந்து, பலகையில ஏறி ஒக்காந்து, கோப்பைக்குக் கைய நீட்டுது. சரி, பேயா இருந்தா மாப்பால் கேக்குமான்னு ஊத்திக் குடுத்தேன். எந்தக் காம்பரான்னு கேட்டா தொங்கக் காம்பராங்குது. அப்பா எங்கன்னா தூங்குதுங்குது."

தப்பு அடித்தார்களா என்று கேட்டேன். எனக்குக் கேட்கவில்லையே என்றேன். அந்த மலை அதிர அடித்தார்களாம். அப்போதுதான் எனக்கு நடந்தது விளங்கியது. சின்ன வயதிலிருந்தே தப்புச் சத்தம் கேட்டால் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்புகிறவன் நான். அது காதில் விழாமல் தூங்குவதற்கே பழகிய காது. அவள் காது வேறு மாதிரிப் பழகியிருந்தது. தப்பு அடித்தால் காம்பராவிலிருந்து எழுந்து பிள்ளைக்காம்பராவுக்குப் போகவேண்டும். இது காம்பரா என்று சொன்னவன் நான்தான். என்னை எழுப்பியும் பார்த்திருப்பாள். எழும்பவில்லை என்றதும், கம்பளியை எடுத்துக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் தானே நடந்துவிட்டாள்.

அவளைத் தூக்கப் போனேன். மச்சானிடம் திரும்பிப் போவதென்று மலையில் ஒத்துக்கொண்டது நினைவிருந்தது. அவள் கோப்பையைப் பலகையில் வைத்துவிட்டு, என் கையைத் தள்ளினாள்.

"அப்பா, வேலைக்குப் போ" என்றாள்.

லயத்தில் காலையில் எல்லா அம்மாக்களும் பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போகிறார்களோ அங்கே போகச் சொன்னாள். பிள்ளை பார்க்கிற அம்மா சத்தமாகச் சிரித்தாள். வாசலில் வந்து நின்ற கங்காணியும் சிரித்தார். காட்டிலிருந்து பிள்ளை வந்த சேதி அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. எந்தத் தோட்டம் என்று என்னைக் கேட்டார். பொகவந்தலாவைப் பக்கம் என்றேன்.

"பேர் எங்க பதிஞ்சிருக்கு?"

"எங்கயும் இல்லங்க."

"டயகமவுக்குப் போறியா?"

அப்படித்தான் கிளம்பினேன் என்றேன். அவர் மகளைப் பார்த்தார், சேறு பிடித்த கம்பளியைப் பார்த்தார், பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார்.

"தண்ணி தூக்கவும் வெறகு ஒடைக்கவும் ஆளு இல்லன்னு இந்தம்மா மழ தொடங்குனதுலருந்து எங்காதக் கடிச்சுக்கிட்டு இருக்கு. கெழவங்க பாக்குற வேல. முழுப்பேர் போட மாட்டாங்க, அரைப்பேர்தான். தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். செய்வியா?"

ஒரு நாள் வேலையையும் அதற்கான சம்பளத்தையும் தோட்டத்தில் பேர் என்பார்கள். ரோட்டு வேலைக்கு நல்ல கூலி. நான் யோசிக்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் பலகையில் இருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மச்சானுக்கு யார் மூலமாவது சேதி சொல்லி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். லொறி போகும், சொல்லிவிடலாம் என்றார். என்ன சொல்லவேண்டும் என்று கேட்டார்.

"கால் மொளைச்சிருச்சுன்னு சொல்லச் சொல்லுங்க."

அவருக்கு அது விளங்கவில்லை. வேறொன்று கேட்டார்: "நாளைக்குத் தப்புச் சத்தத்துக்கு எந்திரிப்பியா?"

"நான் எந்திரிக்க மாட்டேங்க" என்றேன். "அவ எந்திரிச்சிருவா. அவ கைய என் இடுப்போட கட்டிப் போட்டுப் படுத்துக்கிறேன்."

பிள்ளை பார்க்கிற அம்மா இரண்டு தகர டின்னைக் காலால் என் பக்கம் தள்ளினாள். தண்ணீர் பிடிக்கிற பீலி எங்கே என்று கேட்டேன், தாடையால் காட்டினாள். காவுத்தடியில் டின்களை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பீலிக்குப் போகிற வழியில் ஒரு வளைவு இருந்தது, அதைத் தாண்டினால் அந்தத் தகரக் கூரை தெரியாது. முதல் நடையில் வளைவு வரை போய்த் திரும்பி வந்து, பலகையில் அவள் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி போய்த்தான் தண்ணீர் பிடித்தேன்.